உப்புத் தண்ணீர் குடித்த அம்பாசிடர்

அத்தியாயம் 11

புன்னக்காயலில் ஒரு படகு மிதந்தது. ஒரு கார் மூழ்கியது. சென்ற வாரத்துச் சமாசாரம் மொத்தமும் இவ்வளவுதான். படகு மிதந்ததில் யாருக்கும் வருத்தமில்லை. மூழ்கியது மாமனாருடைய கார் என்பதில்தான் இந்த வாரத்துத் தலைவலி ஆரம்பம்.

பெருமாள்ராஜுக்குத் தச்சநல்லூரில் ஃபைபர் பட்டறை. மொட்டை மாடிக்குத் தண்ணீர்த் தொட்டி செய்து செய்து அலுத்துப்போய், முதல் முறையாக ஒரு படகு செய்தான். புன்னக்காயல் ஜேசுதாசனுக்கு. ஞாயிற்றுக்கிழமை அதைத் தண்ணீரில் இறக்க நாள் குறித்தாயிற்று. படகு ஏற்றிய வண்டியை இழுத்துப் போக வருவதாகச் சொன்ன டிராக்டர் வரவில்லை. வாசலிலோ மாமனார் பூதத்தானின் வெள்ளை அம்பாசிடர் பளபளவென்று நின்றது. திருச்செந்தூர் போய்வர மகள் தனலட்சுமி அப்பாவிடம் கேட்டு வாங்கி வந்திருந்த கார்.

"போற வழிதானேட்டி" என்று பெருமாள்ராஜ் படகு வண்டியைக் காரின் பின்னால் கட்டினான்.

பின் சக்கரம் நனையும் வரை காரை முகத்துவாரத்துக்குள் பின்னாலேயே இறக்கினான். படகு அன்னம் போல மிதந்தது. ஊரே கை தட்டியது. ஜேசுதாசன் புருஷன் பெண்டாட்டி இருவரையும் சாப்பிட இழுத்துக்கொண்டு போய்விட்டார். கார் நின்ற இடத்திலேயே நின்றது.

பெருமாள்ராஜ் ஆற்றங்கரைக்காரன். தாமிரபரணியில் காலையில் கரண்டைக்கால் தண்ணீர் என்றால், மேலே யாராவது மதகைத் திறந்தாலொழிய சாயங்காலமும் கரண்டைக்கால் தண்ணீர்தான். கடல் அப்படியில்லை, ஏறும் இறங்கும் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. மூன்றாம் முறையாக மீன் குழம்பு ஊற்றிக்கொண்டு வாசல் வழியே எட்டிப் பார்த்தபோது, காருக்குக் கூரையும் ஜன்னலும் மட்டும்தான் மிச்சமிருந்தன.

காரை ஊருக்கு இழுத்து வந்தது, காலையில் வராத அதே டிராக்டர்.

இனி பூதத்தானைப் பற்றி ஒரு வார்த்தை. வள்ளியூரில் வாழைக்காய் மண்டி. மனைவி போய்ப் பல வருஷம். பிள்ளைகள் இரண்டு: மூத்தது தனலட்சுமி, இளையது அம்பாசிடர். தனலட்சுமி தன் இஷ்டத்துக்குப் பெருமாள்ராஜைக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்றதும், "அந்தக் கல்யாணத்துக்கு என் காலு வராது" என்றார். வரவில்லை. அதன் பிறகு மூத்ததோடு நாலு வருஷம் பேச்சு கிடையாது. இளையதோடு ஒரு நாளும் பேச்சு நின்றதில்லை.

இந்தத் தீபாவளிக்குத்தான் அந்த நாலு வருஷம் உடைந்தது. சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். இரண்டு அதிரசம் தின்றார். மருமகனை நேரே பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. 'டேங்க்குக்காரன்' என்றே குறிப்பிட்டார். ஆனால் மகள் கேட்டதும் காரைக் கொடுத்தார். கூடவே ஒரு முழ நீளத்துக்கு நிபந்தனை.

"மழையில எடுக்கக் கூடாது. மேகம் போட்டா போர்வ போடணும். ஈரத் துணி வச்சுத் தொடைக்கக் கூடாது. பள்ளத்துல எறங்குனா பின்னால கிணுங்கு கிணுங்குன்னு ஒரு சத்தம் வரும். எந்த மெக்கானிக்கும் கண்டுபிடிக்கல. நீங்களும் தேடாண்டாம்."

ஒரு காலத்தில் குளத்தங்கரையில் நிறுத்திக் குடம் குடமாக ஊற்றிக் கழுவியவர்தான். இந்த மூணு நாலு வருஷமாகத்தான் காருக்குத் தண்ணீரே ஆகாது என்று ஒரு கோட்டி பிடித்து ஆட்டுகிறது.

அப்படிப்பட்ட கார் கடலில் குளித்த கதை தெரிந்தால் இன்னொரு நாலு வருஷம் பேச்சு போகும். தனலட்சுமி விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டாள். அதற்குள் அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயதாகிவிடும்.

புதன்கிழமை காலை ஒன்பது மணி.

வீட்டுக்குப் பின்னால் பட்டறை முற்றத்தில் கார் கிடந்த கோலத்தைப் பிரேதப் பரிசோதனை என்றுதான் சொல்ல வேண்டும். சீட்டுகள் இரண்டு தண்ணீர்த் தொட்டிகளின் மேல் மல்லாந்து கிடந்தன. விரிப்பு மதில் மேல் தொங்கியது. சக்கரங்கள் நாலு மூலைக்கு ஒன்றாகப் போயிருந்தன. நடுவே காருக்குள் தலையைக் கொடுத்திருந்தார் பாக்கியசீலன்.

பாக்கியசீலன் பாளையங்கோட்டை மெக்கானிக். கை கெட்டி, வாய் அதைவிடக் கெட்டி. ஒரு போல்ட் கழற்றினால் இரண்டு வசவு. இந்த மூன்று நாளில் அவர் கழற்றிய போல்ட்டுகளை வரிசையாக வைத்தால் வண்ணார்பேட்டை வரைக்கும் போகும். வசவு கங்கைகொண்டான் தாண்டும்.

திங்கட்கிழமை இஞ்சின் ஆயிலைத் திறந்தார். வந்தது ஆயில் இல்லை, கல்யாண வீட்டுக் காப்பி. கியர் பாக்ஸைத் திறந்தார், இரண்டாம் காப்பி. பின் அச்சில் கிரவுன் பெட்டியைத் திறந்தார், அதிலும் காப்பி. "பந்தி போடலாம்வே" என்றார். உப்புப் போவதற்காகக் காருக்குள்ளே பத்துக் குடம் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவினார்.

அங்கேதான் சிக்கல். ஊற்றிய பத்துக் குடமும் உள்ளேயே நின்றது.

செவ்வாய்க்கிழமை முழுக்கப் பெருமாள்ராஜ் தகரப் போணியால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றினான். புதன்கிழமை காலையில் பார்த்தால் மறுபடி நாலு விரல் தண்ணீர். கதவுக்குள்ளிருந்தும் மூலை முடுக்கிலிருந்தும் வடிந்து வடிந்து தரைக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. அந்தத் தண்ணீரில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு மடவை மீன் குஞ்சு, புன்னக்காயலில் ஏறியது, கிளட்சுக்கும் பிரேக்குக்கும் நடுவே நிம்மதியாக நீந்திக்கொண்டிருந்தது.

"ஒமக்குக் கேக்குதா இல்லியா?" என்றார் பாக்கியசீலன் காருக்குள்ளிருந்தே. "அம்பாசிடர் தரையில தண்ணி போவ ஓட்டை இருக்கும்வே. ரப்பர் மூடி போட்டிருப்பான். அதக் கழட்டுனா சொளசொளன்னு எறங்கிரும். முப்பது வருசமா எத்தன வண்டி பாத்திருக்கேன். இதுல மூடியவும் காணோம், ஓட்டையவும் காணோம்."

"நல்லாப் பாருங்க அண்ணாச்சி" என்றான் பெருமாள்ராஜ், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

"பேட்டரிய மட்டும் தொட்டுராதீரும். ஹாரன் வயருல இன்னும் ஈரம் கெடக்கு. நேத்தைக்கு மாதிரி ஆயிரப் போவுது."

நேற்று பேட்டரியை இணைத்த மாத்திரத்தில், யாரும் தொடாமலே ஹாரன் கதற ஆரம்பித்தது. பூதத்தான் ஆசையாகப் பூட்டிய இரட்டைக் குழல் ஹாரன். கால் மணி நேரம் நிற்கவில்லை. தச்சநல்லூரில் பாதிப் பேர் தீயணைப்பு வண்டி என்று வாசலுக்கு வந்தார்கள்; மீதிப் பேர் மில் சங்கு ஊதிவிட்டது என்று மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள்.

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆபிதா பீவியின் குரல் வந்தது. தெருவில் போன் உள்ள ஒரே வீடு அவளுடையது.

"பெருமாளு தம்பி! புன்னக்காயலு போனு!"

பெருமாள்ராஜ் ஓடினான். ஜேசுதாசன் பேசியது மதில் தாண்டி முற்றம் வரை கேட்டது.

"தம்பி, நம்ம படகு தங்கம்! மூணு நாளா கடல்ல கெடக்கு. உள்ள ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டுத் தண்ணி இல்ல பாத்துக்கோ!"

திரும்பி வந்தவன் காலில் தட்டுப்பட்ட போணியை ஓர் உதை விட்டான். அது உருண்டு போய்ப் பாக்கியசீலன் பாதத்தில் பட்டது. அதற்கு மூன்று வசவு.

பத்து நிமிஷத்தில் மறுபடி மதில் பேசியது. "ஏ புள்ள தனம்! ஒங்க வாப்பா!"

தனலட்சுமி அடுத்த வீட்டுக்கு ஓடினாள். போனை எடுத்தாள். ஆபிதா பீவி பக்கத்திலேயே வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டு நின்றாள்.

"யப்பா."

"ஏட்டி, அங்கன வானம் எப்படி இருக்கு?"

"வெளிச்சமா இருக்குப்பா."

"இங்கேருந்து பாத்தா வடக்க கருக்குது. ஒங்க ஊரு மேலதான் கருக்குது. வண்டி எங்கன நிக்கி?"

"நெழல்லதான்ப்பா."

"போர்வ?"

"போட்டிருக்கு."

"காஞ்ச போர்வையா?"

"காஞ்சதுதான்ப்பா."

"திருச்செந்தூரு போய்ட்டு வந்தீயளா? தரிசனம்?"

"நல்லா ஆச்சுப்பா. கூட்டமே இல்ல."

"டேங்க்குக்காரன் வண்டியில கை வைக்கலேல்லா?"

"இல்லப்பா." கை மட்டுமா, அந்த நேரத்தில் அவன் இடுப்பு வரை அதற்குள்தான் இருந்தான்.

"சரி. நான் இப்ப பஸ் ஏறுதேன். மத்தியானத்துக்குள்ள வந்து, மழைக்கு முந்தி வண்டிய எடுத்துட்டு வந்துருதேன்."

"வேண்டாம்ப்பா, நாங்களே கொண்டாந்து..."

போன் வைத்தாகிவிட்டது. தனலட்சுமி ரிசீவரைப் பிடித்தபடி நின்றாள். ஆபிதா பீவி வெற்றிலையை மடித்தாள்.

"மூணு நாளா ஒனக்குப் போனு வந்தா காதப் பொத்திக்கிட்டுதான் நிக்கேன் புள்ள. ஆனா ஒண்ணு விடாம கேக்குது. இன்னைக்கு மட்டும் ஆறு பொய்யி."

"நீங்க எண்ணுனீயளாக்கும்!"

"எண்ணாம? ஏழாவதுக்கு நாக்கு கொழறிரும், சொல்லிட்டேன்."

வள்ளியூரிலிருந்து பஸ், ஜங்ஷனில் இறங்கி டவுன் பஸ். கூட்டிக் கழித்தால் இரண்டரை மணி நேரம். அதற்குள் கடலைக் காரிலிருந்து வெளியேற்றி, சக்கரம் மாட்டி, சீட்டு வைத்து, போர்வை போட்டு, அதுவும் காய்ந்த போர்வை போட்டு நிறுத்த வேண்டும். எமன் வாசலில் வந்து நிற்கையில் எருமைக்குப் புல் பிடுங்கிப் போடுகிற வேலை.

சீட்டில் மீன் நாற்றம். நாலு வீடு தள்ளி உள்ள பூனைகளெல்லாம் தொட்டியைச் சுற்றிக் காவலிருந்தன. தனலட்சுமி தலைக்கு ஊற்றினால் முடி காயச் செய்கிற வைத்தியத்தைச் சீட்டுக்குச் செய்தாள். கூடையைக் கவிழ்த்து, கீழே கரி போட்டு, சாம்பிராணி தூவினாள். சீட்டு புகைந்தது. மீனும் சாம்பிராணியும் சேர்ந்து, பூமியில் இதுவரை பிறக்காத ஒரு வாசனை முற்றத்தில் பிறந்தது. பூனைகளே எழுந்து போய்விட்டன.

"கோயில் வாசந்தானேட்டி வருது" என்றான் பெருமாள்ராஜ் நப்பாசையோடு. "திருச்செந்தூரு போனதுக்கு அத்தாட்சி."

"பேசாதீங்க."

பாக்கியசீலன் காருக்கு அடியில் படுத்துத் தரையைக் கீழிருந்து தட்டினார். டொக். இன்னோரிடம் தட்டினார். டொக். எழுந்து வந்து பக்கத்தில் நின்ற தண்ணீர்த் தொட்டியைத் தட்டினார். அதே டொக்.

கையைத் துடைத்துக்கொண்டு பெருமாள்ராஜ் முன்னால் வந்து நின்றார்.

"வே. தகரம் இப்படிச் சத்தம் குடுக்காது."

பெருமாள்ராஜ் தொண்டையைச் செருமினான். "டிரைவர் காலடியில ஒரு ஓட்டை இருந்துச்சு அண்ணாச்சி. விரிப்புக்கு அடியில, அரிச்சுப் போய்."

"அதுக்கு?"

"மாமா பாவமுன்னு சனிக்கிழம ராத்திரி ஃபைபர் போட்டு அடைச்சேன். அவருக்குச் சொல்லாம ஒரு நல்லது செய்யலாமேன்னு."

"அந்த ஓட்டைய மட்டுமா?"

"ஆரம்பிச்சா மிச்சம் வைக்க மனசு வருமா? மொத்தத் தரைக்கும் போட்டுட்டேன். மூணு கோட்டிங்கு."

"தண்ணி போற ஓட்டையிலயும்?"

"எல்லாத்துலயும்."

பாக்கியசீலன் வானத்தைப் பார்த்தார். முப்பது வருஷத் தொழிலில் முதல் முறையாக அவருக்கு வசவு கிடைக்கவில்லை.

"வெளிய இருக்க தண்ணி உள்ள வராதுன்னு அடைச்சேன்" என்றான் பெருமாள்ராஜ் மெதுவாக.

"அது வந்துது, கதவு வழியா! வந்தது போவ வழியில்ல! மூணு நாளு! மூணு நாளு என்னப் பைத்தியக்காரனா ஆக்கிட்டீரே! காரைத் தொட்டி ஆக்கிட்டு, ஓட்டை எங்கேன்னு நான் அடியில கெடந்து தேடுதேன், நீரு பக்கத்துல நின்னு நல்லாப் பாருங்கன்னு சொல்லுதீரு!"

"பத்து வருசம் ஒழுகாது அண்ணாச்சி" என்றான் பெருமாள்ராஜ். தொழில் பெருமை, அடக்க முடியவில்லை.

தனலட்சுமி கையிலிருந்த சாம்பிராணிக் கரண்டியை ஓங்கினாள். யார் மேல் என்று அவளுக்கே தெரியவில்லை.

டிரில்லிங் மெஷினைப் பெருமாள்ராஜே எடுத்தான். தான் போட்ட ஃபைபரில் தானே துளை போடுவது பெற்ற பிள்ளைக்குக் காது குத்துவது போல இருந்தது. நாலு துளை. தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு இறங்கியது. இறங்கியது, இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது; தச்சநல்லூருக்கு ஒரு புதுக் கால்வாய் வெட்டியதைப் போல வாசல் தாண்டித் தெருவில் ஓடியது. தனலட்சுமி மடவைக் குஞ்சைத் தண்ணீரோடு போணியில் பிடித்து, காயப் போட்டிருந்த ஒரு புதுத் தொட்டியில் விட்டாள். இந்த மூன்று நாளில் அந்த வீட்டில் உருப்படியாக நடந்த ஒரே காரியம் அதுதான்.

மணி பதினொன்று. பாக்கியசீலன் மூலைகளைக் காய வைக்கப் பின் சீட்டுக்குப் பக்கத்து அட்டையைக் கழற்றினார். உள்ளே கைவிட்டு ஒரு பிடி அள்ளி வெளியே எடுத்தார். மண். கடல் மணல் இல்லை. செம்பழுப்பாய், பொடிப் பொடியாய், நெல் உமி கலந்த வண்டல். மேலாகத்தான் ஈரம், உடைத்தால் உள்ளே காய்ந்து கட்டியாக இருந்தது. நுனிநாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார்.

"உப்பில்ல. இது ஆத்து வண்டல்வே."

"ஆறா? நான் ஆத்துல எறக்கலியே!"

"நீரு எறக்கல. இது மூணு நாளு மண்ணா? பழசு. இந்த வண்டி இதுக்கு முந்தியே ஒருக்கா நல்லா முங்கி எந்திரிச்சிருக்கு. நீரு அடைச்ச ஓட்டை இருக்கே, அது அப்பத்துத் துரு. நாலு வருசம் இருக்கும்."

பெருமாள்ராஜ் முகத்தில் தீபாவளி வெடித்தது.

"மாமா மாட்டுனாரு! ஒரு சொட்டு மழ கூடப் படாத வண்டின்னு ஊரு பூரா சொல்லிக்கிட்டுத் திரியுதாரே! ஏட்டி தனம், கேட்டியா? வரட்டும் இன்னைக்கு. வாசல்லயே நிறுத்தி இந்த மண்ண நீட்டுதேன்!"

"பொறும்" என்றார் பாக்கியசீலன். தோள் வரை கையை உள்ளே விட்டிருந்தார். "இன்னும் என்னமோ உருளுது."

கிணுங்.

எந்த மெக்கானிக்கும் கண்டுபிடிக்காத சத்தம் அவர் கையோடு வெளியே வந்தது. ஓர் எவர்சில்வர் தம்ளர். மண் அப்பிக் கிடந்தது. தனலட்சுமி வாங்கி முந்தானையால் துடைத்தாள். துருவில்லை, கறையில்லை. பாத்திரக் கடையில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டிக் கொடுப்பார்களே, அந்த எழுத்து ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

தனலட்சுமி – பெருமாள்ராஜ் திருமணம். 13-11-92. அன்பளிப்பு: பூதத்தான், வள்ளியூர்.

 

தொண்ணூற்றிரண்டு ஐப்பசி வெள்ளத்தை இந்த ஊரில் யாருக்கும் நினைவுபடுத்த வேண்டாம். ஆறு தெருவுக்கு வந்த அன்றுதான் அவர்கள் கல்யாணம். கோயிலில் தாலி கட்டும்போது எதிரே நின்றது பதினொரு பேர், அதில் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். பாலத்துப் பக்கம் யாரையும் விடவில்லை என்று தெரிந்த பிறகும் தனலட்சுமி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டாள்.

கால் வராது என்றவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். சக்கரம் வந்திருக்கிறது. ஆற்றைத் தாண்ட முடியாமல் காரோடு முங்கி, திரும்பிப் போய், நாலு வருஷம் வாயைத் திறக்கவில்லை. வந்து தோற்றுப் போனேன் என்று சொல்வதைவிட, வரவே இல்லை என்று கெட்ட பேர் எடுப்பது அவருக்கு லேசாகப் பட்டிருக்கிறது.

பெருமாள்ராஜ் தம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எம் பேரு போட்டிருக்காரு" என்றான். "முழுசா."

"ம்."

அவனால் அதிக நேரம் சும்மா இருக்க முடியாது. "அப்ப நல்லதாப் போச்சு. இதக் காட்டுனா முடிஞ்சுது. நீங்களும் முக்குனீய, நானும் முக்குனேன், சரிக்குச் சரின்னு சொல்லிருதேன்."

தனலட்சுமி நிமிர்ந்தாள்.

"அவரு முக்குனது எங் கல்யாணத்துக்கு வாரதுக்கு. நீங்க முக்குனது மூணாவது தடவ மீன் கொழம்பு ஊத்துறதுக்கு. ரெண்டும் ஒண்ணாக்கும்?"

பாக்கியசீலன் இருமுவது போலச் சிரித்தார்.

"நானே சொல்லுதேன் எல்லாத்தையும்" என்றாள் அவள். "ஏழாவது பொய்யி எனக்கு வராது. அவரு வந்து ஒக்காரட்டும், ஒரு வாய்த் தண்ணி குடிக்கட்டும். சொல்லிருதேன். அது வரைக்கும் நீங்க இந்தப் பக்கம் தலையக் காட்டாதீங்க. எதையும் தொடாதீங்க."

"நான் எதத் தொடப் போறேன்?" என்றான் பெருமாள்ராஜ்.

பன்னிரண்டு அடித்துப் பத்து நிமிஷம். பூதத்தான் வந்தார். கக்கத்தில் குடை, கையில் மஞ்சள் பை. பைக்குள் காய்ந்த துணி இரண்டு, காரைத் துடைக்க. அவருக்குப் பின்னாலேயே, அவர் பஸ்ஸில் கூட்டி வந்தது போல, ஒரு கரிய மேகமும் தெருமுனைக்கு வந்து நின்றது.

வாசலில் ஓடிய தண்ணீரைச் செருப்பை உயர்த்தித் தாண்டினார். "எதுக்கு ஏட்டி இவ்வளவு தண்ணி?"

"தொட்டி ஒண்ணு ஒழுகிருச்சுப்பா." சொன்ன பிறகுதான் நினைத்துப் பார்த்தாள். இது பொய்யில் சேர்த்தியா இல்லையா என்று ஆபிதா பீவியைத்தான் கேட்க வேண்டும்.

"டேங்க்குக்காரன் தொட்டி ஒழுகாம என்ன செய்யும்?" உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மூக்கை உறிஞ்சினார். "என்ன வாசமிது? கோயில் மாதிரியும் இருக்கு, மீன் கடை மாதிரியும் இருக்கு."

"யப்பா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு. வண்டியப் பாத்துட்டுக் கேக்கேன். முதல்ல தண்ணி கொண்டா, பஸ்ஸுல நெரிசல்."

தனலட்சுமி உள்ளே போனாள். அடுக்களையில் தம்ளர் பத்து இருந்தது. அவள் அதையெல்லாம் பார்க்கவில்லை. புளி போட்டு விளக்கித் தனியே கவிழ்த்து வைத்திருந்ததை எடுத்தாள். பானையிலிருந்து மொண்டு நிரப்பினாள். கொண்டு வந்து நீட்டினாள்.

பூதத்தான் வாங்கினார். பஸ் களைப்பில் எதையும் பார்க்கவில்லை. அண்ணாந்து வாயில் ஊற்றினார். தம்ளர் சாயச் சாய, வெட்டிய எழுத்து அவர் கண்ணுக்கு நேரே வந்தது.

ஊற்றின தண்ணீர் வாய்க்குப் போகவில்லை. தாடை வழியே இறங்கிச் சட்டையை நனைத்தது. அவர் துடைக்கவில்லை. காருக்கென்று கொண்டுவந்த காய்ந்த துணி மடியில் இருந்தது, அதையும் எடுக்கவில்லை. தம்ளரைக் கீழே இறக்கி, கட்டைவிரலால் அந்தப் புள்ளி எழுத்தைத் தடவினார். ஒரு முறை. இன்னொரு முறை.

தனலட்சுமி சுவரோடு ஒட்டி நின்றாள்.

"பன்னெண்டு வாங்குனேன்" என்றார், தம்ளரிடம் சொல்வது போல. "பதினொண்ணுதான் வீட்டுல இருக்கு. பீரோவுல, மேல் தட்டுல." தம்ளரை மகள் பக்கம் திருப்பிக் காட்டினார். "இது எங்கன கெடந்துச்சு?"

தனலட்சுமி மூச்சை இழுத்தாள். அதற்கு உண்மையில் ஒரே பதில்தான் உண்டு. பின் சீட்டைக் கழற்றினோம் என்று சொல்ல வேண்டும். ஏன் கழற்றினீர்கள் என்பார்.

"யப்பா, வண்டிய..."

பட்டறையிலிருந்து ஹாரன் கதறியது.

எதையும் தொடமாட்டேன் என்றவன், மாமனார் பட்டறைப் பக்கம் வருவதற்குள் ஒரே ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாம் என்று பேட்டரியைத் தொட்டுவிட்டான். இரட்டைக் குழல். முழுத் தொண்டையில். நடுவே பாக்கியசீலனின் வசவு ஹாரனையும் மீறிக் கேட்டது. மதிலுக்கு மேல் ஆபிதா பீவியின் தலை முளைத்தது. வானத்தில் முதல் இடி இடித்தது. அது யார் காதிலும் விழவில்லை.

பூதத்தான் எழுந்தார். இளைய பிள்ளை அழுகிற குரல் அவருக்குத் தெரியாதா? குடையை விட்டார், மஞ்சள் பையை விட்டார். தம்ளரை மட்டும் விடவில்லை. அதைக் கையில் பிடித்தபடியே பின்கட்டைக் கடந்து பட்டறை முற்றத்துக்குப் போனார்.

சக்கரமில்லாத கார். புகைகிற சீட்டு. தொட்டிக்குள் நீந்துகிற மீன். எல்லாவற்றுக்கும் நடுவே, இரண்டு கையிலும் இரண்டு வயரோடு மருமகன்.

பூதத்தான் காரைப் பார்த்தார். தம்ளரைப் பார்த்தார். வாயைத் திறந்தார். நாலு வருஷமாக அந்த வாயில் ஒரு முறைகூட வராத வார்த்தை, ஹாரனைவிட உரக்க வந்தது.

"பெருமாள்ராஜ்!"

பின்னால் ஓடிவந்த தனலட்சுமி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அது அடிக்கக் கூப்பிடுகிற குரலா, வேறெதற்கோ கூப்பிடுகிற குரலா என்று பெற்ற மகளுக்கே பிடிபடவில்லை. மழையின் முதல் சொட்டு காரின் கூரையில் விழுந்தது.